ஊரிகத்தின் குழாய்களும் ஆய்வுலகின் நெகிழ்ச்சியும்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுவதற்கென்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு மின்கம்பி வந்தது. ஊருக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வந்தது. 1965இல் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இறுதியில் ஒரு பெருமூச்சு. 2018க்குப் பின் எழுதுவோர் திரைப்படத்தைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்துக்கொள்கின்றனர். இவ்வாய்பாட்டின் கடைசி உருப்படியாக இப்போது ஓஸ் குழாயும் சேர்ந்திருக்கிறது.

ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் பகுதிகளின் பழைய லைன்களைச் சுற்றிவரும் எவர் கண்ணிலும் அது படும். துரு தின்ற அரையங்குல இரும்புக் குழாய் ஒன்று தரையிலிருந்து எழுந்து நிற்கும். அதன் வாயில் பச்சை நிற ஓஸ் செருகப்பட்டு, சைக்கிள் ட்யூபிலிருந்து அறுத்த ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து சாக்கடையைத் தாண்டியும் சில இடங்களில் சாக்கடைக்குள்ளேயும் கிடந்து, வாசல்படியேறி, உள்ளே பிளாஸ்டிக் பீப்பாயில் போய் முடியும். வீட்டுச் சுவருக்குள் ஓடிய இரும்புக் குழாயை என்றோ கைவிட்டுவிட்டனர்.

இக்காட்சிக்கு இரண்டு வாசிப்புகள் வழக்கில் உள்ளன. நிர்வாகத்தின் வாசிப்பு, இது ஒழுங்கீனம், முறையற்ற இணைப்பு, மக்களின் அறியாமை என்பது. கருத்தரங்க மேடையின் வாசிப்பு, இது மக்களின் படைப்பூக்கம், ‘ஜுகாட்’, விளிம்புநிலைச் சமூகத்தின் நெகிழ்திறன் என்பது. முன்னது திட்டுகிறது, பின்னது பாராட்டுகிறது. ஆனால் இரண்டுமே குழாயின் ஒரே முனையில் நின்றுகொண்டு பேசுகின்றன. ஓஸ் எந்த வீட்டில் முடிகிறது என்பதை இரண்டும் பார்க்கின்றன. அது எதனோடு இணைக்கப்பட்டிருக்கிறது, அவ்விரும்பு ஏன் இந்நிலையில் இருக்கிறது, அதை மாற்ற வேண்டியவர் யார் என்ற கேள்விகளை இரண்டும் விட்டுவிடுகின்றன. பின்னது கல்விப்புலத்தின் சொந்தப் பிழையாதலால் அதனைச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் துரு. நாகப்பூச்சு பூசிய இரும்புக் குழாயில் துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. அது தீர்ந்த பின்னரே இரும்பு அரிபடத் தொடங்கும். குழாய் எப்போதும் நீர் நிறைந்து அழுத்தத்தில் இருந்தால் இது மெதுவாக நடக்கும். தண்ணீர் சில மணி நேரம் வந்து, பின் நாள்கணக்கில் நின்றுபோகும் ஊரிலோ குழாயின் உட்சுவர் மாறி மாறி நனைந்தும் காய்ந்தும் போகிறது. ஒவ்வொரு முறையும் புதிய காற்று உள்ளே புகுகிறது. இரும்பு துருவாகும்போது அதன் கனவளவு பெருகும். எனவே குழாய் வெளியே மெலிந்துகொண்டே உள்ளே அடைபடுகிறது. உட்சுவரில் கொப்புளம் கொப்புளமாகத் துருக்கட்டிகள் எழும்புகின்றன. கோலார் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளின் கடின நீர் கலக்கும் இடங்களில் உப்புப் படிவும் உடன் சேர்கிறது.

இதன் கணக்கு எளிமையானது. நீர்ப் பொறியியலில் வழங்கும் ஹேசன்–வில்லியம்ஸ் சமன்பாட்டின்படி, அழுத்தச் சரிவு மாறாதிருக்க, குழாயில் ஓடும் நீரின் அளவு விட்டத்தின் 2.63 அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் நீர் பாதியாவதில்லை, ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். அதுவும் உட்சுவர் வழவழப்பாக இருந்தால்தான்; துருவின் சொரசொரப்பு அதையும் குறைக்கும். அரையங்குலக் குழாய் காலங்குலமாகச் சுருங்கிய வீட்டில், முன்பு பத்து நிமிடத்தில் நிறைந்த பீப்பாய்க்கு ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீர் வரும் நேரமே ஒரு மணி நேரம்தான் என்றால், தெருக்கோடி வீட்டுக்காரர் ஓஸ் வாங்காமல் வேறென்ன செய்வார்? இதில் அறியாமை எங்கே இருக்கிறது? அவர் அச்சமன்பாட்டைப் படித்ததில்லை. ஆயினும் அது சொல்வதைக் குடத்தின் வழியாக அறிந்து, துருவேறிய நீளத்தைத் தன்னால் இயன்ற மட்டும் வெட்டி விலக்கியிருக்கிறார்.

அதற்கும் மேலே, இவ்வூரின் மண்ணுக்கு நெகிழும் குழாயே பொருத்தமானது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. தங்கவயலின் நிலம் ஓய்ந்திருக்கும் நிலமன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அவ்வாழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறுவதும், மேலே வீடுகள் குலுங்குவதும் இங்கே தலைமுறைகள் கண்ட செய்தி. பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988இல் இங்கேயே தொடங்கப்பட்டதும் தற்செயலன்று. மூடப்பட்ட சுரங்கங்களில் நீர் நிறைந்த பிறகும் அதிர்வுகள் முற்றாக நிற்கவில்லை. மரையிட்டு இணைத்த விறைப்பான இரும்புக் குழாய் இத்தகைய மண்ணில் முதலில் இணைப்புகளில் விடும். அந்த இடத்தில்தான் மரை வெட்டியதால் சுவர் மெலிந்தும், பூச்சு போயும் இருக்கும். 1995இல் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது நிலத்தடிப் பாலிஎத்திலீன் எரிவாயுக் குழாய்கள் பெரும்பாலும் தப்பின. அதன்பின் ஜப்பானில் குடிநீருக்கும் அக்குழாய் பரவலாயிற்று. சுருளாக வரும் பாலிஎத்திலீன் குழாயில் இணைப்புகள் குறைவு, துரு இல்லை, மண் அசைந்தால் அதுவும் சற்று அசைந்து கொடுக்கும். ஆக, இரும்பை எடுத்துவிட்டு நெகிழும் குழாய் இட வேண்டும் என்ற முடிவு பொறியியல்படியும் சரியானதே.

ஆனால் லைன் வீட்டு வாசலில் கிடக்கும் பச்சை ஓஸ் அக்குழாய் அன்று. இரண்டையும் ‘பிளாஸ்டிக்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவதுதான் குழப்பத்தின் தொடக்கம். குடிநீர் விநியோகத்துக்கான பாலிஎத்திலீன் குழாய்க்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4984 என்ற வரையறை உண்டு. அக்குழாய் கருப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் 2 முதல் 3 விழுக்காடு வரை கலக்கப்படும் கரித்தூள். அது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. ஒளி உட்புகாததால் உள்ளே பாசியும் வளராது. தோட்டத்துக்குப் பாய்ச்சும் பச்சை ஓஸோ பி.வி.சி. அது வளைய வேண்டும் என்பதற்காகவே அதில் குழைமம் சேர்க்கிறார்கள், அக்குழைமம் நாளடைவில் கசிந்து வெளியேறும். வெயில் பட்டால் அது விறைத்து வெடிக்கும், ஒளி புகும்படி இருந்தால் பாசி படியும், எலி கடிக்கும். இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து வேறு. தண்ணீர் நின்றதும் பிரதானக் குழாய் காலியாகிறது, அழுத்தம் சுழியத்துக்கும் கீழே போகிறது. அந்நேரத்தில் சாக்கடையில் கிடக்கும் ஓஸின் ஒவ்வொரு கீறலும், ரப்பர் கட்டிய ஒவ்வொரு வாயும் வெளியிலிருப்பதை உள்ளே உறிஞ்சும். மறுநாள் தண்ணீர் விட்டதும் முதலில் வருவது அதுவே. யாரேனும் வீட்டில் மோட்டார் போட்டு இழுத்தால், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே அண்டை வீட்டு இணைப்பில் இது நிகழக்கூடும். மென்மையான ஓஸ் மோட்டார் இழுப்பில் சப்பையாகிவிடும் என்பதால் நூல் பின்னிய கெட்டி ஓஸ் வாங்கப்படுகிறது. அது சப்பையாகாமல் இன்னும் நன்றாக உறிஞ்சும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு வீட்டின் முடிவும் நியாயமானது. அவற்றின் கூட்டுத்தொகை தெருவுக்கே நஞ்சு. வரைபடத்தோடு கட்டுரை எழுதத்தக்க இடம் இது. எழுதப்படுவதோ பாராட்டுரை.

இங்கே வரலாற்றுத் துறையினரிடமும் ஒரு கேள்வி உண்டு. தங்கவயலின் மின்சாரத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்காவது அதன் தண்ணீரைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறதா? சிவசமுத்திர மின்சாரத்தோடு ஒருவயதொத்தது பேத்தமங்கலத்து நீரேற்றம். பாலாறு தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்கு முன் நிரப்பும் அவ்வேரியிலிருந்து நீரை வடிகட்டி மேட்டு நிலத்துக்கு ஏற்றினார்கள். சுரங்கத் தொழிலுக்குத் தண்ணீர் இன்றியமையாதது. தாதுக்கல்லை இடித்துத் தூளாக்கும் ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். அத்தூளைச் சயனைடு கரைசலில் ஊறவைக்கவும் வேண்டும். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குத் தங்கம் எடுத்த ஊர் அத்தங்கத்தைத் தண்ணீரால்தான் கழுவி எடுத்தது. பங்களாக்களுக்குள் குழாய் சென்றது, லைன்களுக்குத் தெருக்குழாய் வைக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை நகரமைப்பின் இயல்பாகக் கடந்துபோகும் கட்டுரைகள், மின்விளக்கு வந்த ஆண்டை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுகின்றன. ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட நூலைப் போன்ற விதிவிலக்குகள் தொழிலாளர் வாழிடத்தை அரசியலாகப் பேசின. பின்வந்தோர் அத்தடத்தை விட்டு, கிரிக்கெட் மைதானத்தின் பழம்பெருமைக்குத் திரும்பிவிட்டனர்.

‘லைன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தங்கவயல் தமிழில் அது தொழிலாளர் குடியிருப்பின் வரிசை; தண்ணீர்க் குழாயும் லைன்தான், மின்கம்பியும் லைன்தான். வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரி, சேலம் பக்கங்களிலிருந்தும் வந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பங்களை நிறுவனம் எவ்வாறு வரிசையாக அடுக்கியதோ அவ்வாறே குழாயையும் போட்டது. வரிசையின் தலையில் இருப்பவருக்கு முதலில் தண்ணீர், கோடியில் இருப்பவருக்கு மிச்சம். இதைப் பேச்சுவழக்கின் சுவையான எடுத்துக்காட்டாக மொழியியல் கட்டுரை ஒன்றில் அடிக்குறிப்பிடலாம். ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் அச்சொல்லைத் துல்லியமான பொருளில்தான் ஆள்கிறார்கள்: வீடும் தண்ணீரும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகள், ஒரே உடைமையாளரின் இரு சொத்துகள்.

அவ்வுடைமையாளர் இன்று யார்? 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசுக்குக் கைமாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001இல் உற்பத்தி நின்றது. நிறுவனமோ பெயரளவில் நின்றது, அதன் பெயரில் ஏறத்தாழ 12,000 ஏக்கர் நிலமும் நின்றது. தண்ணீர் வழங்குவது உள்ளாட்சியின் கடமை. வீட்டின் உரிமை குறித்த வழக்கும் வாக்குறுதியும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டன. நிலம் ஒருவருடையது, நீர் ஒருவருடையது, வீட்டில் இருப்பவர் இரண்டுக்கும் உரியவரல்லர் என்றால், நிலத்தடியில் கிடக்கும் இரும்பை எவர் தோண்டி எடுப்பார்? இதோடு நாடெங்கும் உள்ள நகராட்சி வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரதானக் குழாயில் துளையிட்டு ஃபெரூல் பொருத்தும் இடத்திலிருந்து வீடு வரையிலான இணைப்புக் குழாய் நுகர்வோரின் பொறுப்பாகவே கருதப்படுகிறது. குழாய் வலைப்பின்னலில் எண்ணிக்கையளவில் அதிகக் கசிவுகள் நிகழும் பகுதி இதுவே. மிகவும் பழுதாகும் துண்டை மிகவும் வசதியற்றவரின் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவர் கையில் இருக்கும் காசுக்கு வருவது பச்சை ஓஸ். அதன்பின் ஒருவர் வந்து அதை ‘அடித்தட்டுப் புத்தாக்கம்’ என்று படமெடுக்கிறார்.

வேறு வழி உண்டா என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை, கர்நாடகத்திலேயே சான்று இருக்கிறது. ஹுப்பள்ளி–தார்வாடு, பெலகாவி, கலபுரகி நகரங்களின் சில வார்டுகளில், உலக வங்கிக் கடனுதவியுடன் நடந்த மாநில அரசின் முன்னோட்டத் திட்டத்தில், 2008ஐ ஒட்டி இடையறாத நீர் வழங்கல் தொடங்கியது. அங்கே தெருக்குழாயோடு வேலை நிற்கவில்லை. வீட்டு இணைப்பு வரை புதிதாக இட்டார்கள். எமிலி கும்பெல், காரா நெல்சன் ஆகிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஹுப்பள்ளி–தார்வாட்டில் விட்டு விட்டு நீர் வரும் பகுதிகளின் குழாய் மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் ஈ. கோலி கிருமி இருந்தது. இடையறாது நீர் வரும் பகுதிகளில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆற்றின் நீர் அதே நீர், சுத்திகரிப்பும் அதே சுத்திகரிப்பு. இடையில் இருந்த வேறுபாடு குழாயும் அழுத்தமும்.

இத்திட்டத்தின் மீது குறைகள் உண்டு. கட்டணம், தனியார் இயக்குநர், நகரின் பத்தில் ஒரு பங்கினருக்கே பயன் ஆகியன பற்றிய விமர்சனங்கள் நியாயமானவை. 2015இல் வந்த தொடர் ஆய்வு, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு மொத்தத்தில் குறையவில்லை என்றும் காட்டியது. ஏழைக் குடும்பங்களில் மட்டும் இரத்தக்கழிச்சல் குறைந்திருந்தது. அந்த ‘மட்டும்’ என்பதைச் சிறிய செய்தியாக வாசிப்பவர் எந்த வகைக் குடும்பத்தில் பிறந்தவர் என்று கேட்கத் தோன்றுகிறது. தண்ணீர் காய்ச்சும் எரிவாயுவும் வடிகட்டும் இயந்திரமும் இருப்பவருக்குக் குழாய் ஒரு பொருட்டன்று. அவை இல்லாதவருக்கு அதுவே மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையிலான தொலைவு.

கல்விப்புலத்தின் வழக்கமான மறுமொழி ஒன்று வரும்: எல்லாவற்றையும் பொறியியலாகச் சுருக்குவது தொழில்நுட்பவாதம், மக்களின் செயலாற்றலை மறுப்பது மேட்டிமை. நிகில் ஆனந்த் மும்பையின் குடிநீரைப் பற்றி 2017இல் எழுதிய நூல் இவ்விவாதத்தில் அடிக்கடி துணைக்கு அழைக்கப்படுகிறது. அந்நூலைக் குறை கூற இடமில்லை. குழாய், அழுத்தம், கசிவு, பொறியாளர், அரசியல்வாதி என ஒவ்வொன்றையும் அது தொட்டுப் பார்க்கிறது. குடியுரிமையைக் குழாயின் வழியே கேட்கிறது. அதன் நிழலில் வளர்ந்த வழிநூல்களில்தான் குழாய் காணாமல் போய், ‘செயலாற்றல்’ மட்டும் எஞ்சிவிட்டது. ஒருவர் தம் காசில், தம் உடல்நலத்தைப் பணயம் வைத்து, அரசு செய்ய வேண்டிய வேலையின் மட்டமான நகலைச் செய்வதற்குச் செயலாற்றல் என்று பெயரிட்டால், அரசுக்கு அதைவிட இனிய செய்தி வேறில்லை.

செயலாற்றல் என்பது யாருடைய உழைப்பு என்பதையும் பார்க்க வேண்டும். வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்தும் ஊரிகத்திலிருந்தும் பெங்களூருக்கு ரயில் ஏறும் ஊர் இது. தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருந்து ஓஸை எடுத்து மாட்டுவதும், வந்தபின் கழற்றிச் சுருட்டி உள்ளே வைப்பதும், அவிழ்ந்த ரப்பரை மீண்டும் கட்டுவதும் வீட்டில் தங்கும் பெண்களின் பொறுப்பாகிறது. இரும்புக் குழாய் ஒழுங்காக இருந்திருந்தால் ஒரு திருகில் முடியும் வேலை.

‘நெகிழ்திறன்’ என்ற கலைச்சொல் இவ்விடத்தில் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவுக்கு மீளும் பொருளின் பண்பைக் குறித்த சொல்லைச் சமூக அறிவியல் கடன் வாங்கியது, தமிழில் அதற்கு நெகிழ் என்னும் வேரை எடுத்தார்கள். சங்க அகப்பாடல்களில் நெகிழ்வது வளை. கை மெலிவதால் அது நெகிழ்கிறது. நெகிழ்வதைக் கண்டு தோழி மகிழ்வதில்லை, தலைவனை இடித்துரைக்கிறாள். மெலிவின் அறிகுறியைத் திறனாக மொழிபெயர்த்த பெருமை நம் கருத்தரங்குகளுக்கே உரியது.

எதிர்த்திசையிலும் ஒரு மயக்கம் உண்டு. இரும்பை எடுத்து எந்த நெகிழ்குழாயையாவது புதைத்துவிட்டால் போதும் என்று ஒப்பந்தக்காரரின் மொழியில் பேசுவோரும் இருக்கின்றனர். அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை இலட்சக்கணக்கான வீடுகளில் பாலிபியூட்டிலீன் குழாய் இடப்பட்டது. மலிவு, வளையும், துருவேறாது என்பதே விளம்பரம். குளோரின் கலந்த நீரில் குழாயும் இணைப்புத் துண்டுகளும் வெடித்தன. 1995இல் உற்பத்தியாளர்கள் 95 கோடி டாலருக்கு வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. இந்தியாவில் பி.வி.சி. குழாய்களில் ஈயக் கலவையை நீக்குவதற்கான விதிகள் 2021இல்தான் வந்தன. எனவே கேட்க வேண்டியது வெறும் மாற்றத்தை அன்று. எந்தத் தரம், எந்த ஆழம், சாக்கடைக்கு எந்தப் பக்கம், ஃபெரூலிலிருந்து வீட்டுத் தொட்டி வரை யார் செலவு என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை ‘பொதுச் செலவு’ என்று வராத திட்டம் எதுவாயினும், அது ஃபெரூலோடு முடிந்து, பச்சை ஓஸை மீண்டும் அங்கிருந்து தொடங்கிவைக்கும்.

ஊரிகத்துக்குப் போகும் அடுத்த ஆய்வு மாணவர் மூடிய சுரங்கக் கோபுரத்தைப் படமெடுப்பதற்கு முன் செய்யக்கூடியவை சில உண்டு. வெட்டி எறியப்பட்ட இரும்புக் குழாய்த் துண்டொன்றின் உள்விட்டத்தை அளக்கலாம். ஒரு லைனின் தலை வீட்டிலும் கோடி வீட்டிலும் ஒரே வேளையில் வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்கலாம். தண்ணீர் திறந்த முதல் ஐந்து நிமிடத்திலும் அரைமணி கழித்தும் மாதிரி எடுத்து, ஐ.எஸ். 10500 வரையறையோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம். ஓஸுக்கும் மோட்டாருக்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுகிறது என்று கேட்டெழுதலாம். நியூட்ரினோவுக்குத் தேவைப்பட்ட கருவிகள் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. கிடைக்கும் எண்களை நகரசபைக்கும் நிறுவனத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரே கேள்வியோடு அனுப்பலாம்: இந்த லைனின் அடியில் கிடக்கும் குழாய் உங்களில் யாருடையது?